இரண்டரை விரல் கை

ஆத்தாளை நம்பி வந்திருக்கிற எல்லாருக்கும் மேனாம்பேடு தனபாக்கியத்தின் கும்பிடு. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அங்கங்கே அவள் நாகரிகமாக மாற்றியிருப்பாள். ஆனால் நடந்ததில் ஒன்றையும் மாற்றவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

நம் வழிபாட்டு மன்றத்தில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள், கேட்டேன், கொடுத்தாள் என்று சொல்லி உட்காருவார்கள். கேட்க சந்தோஷமாக இருக்கும். எனக்கு அப்படி நடக்கவில்லை. நான் கேட்டதை ஆத்தா கொடுக்கவே இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் எழுந்திருக்காமல் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஒரு அம்மா மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அழுதது. அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

எண்பத்தாறாம் வருஷம், கார்த்திகை மாதம். என் மகள் கோமளாவுக்குப் பத்தொன்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அந்த வேலைதான் பார்த்தார்கள். தகட்டை உள்ளே தள்ள வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலேயிருந்து அச்சு இறங்கி அடிக்கும், அடித்த துண்டைக் கையால் எடுக்க வேண்டும். ஒரு மிதிக்கு ஒரு அடிதான் இறங்க வேண்டும். அன்றைக்கு யாரும் மிதிக்காமலேயே இரண்டாவது அடி இறங்கியது. அவள் கை உள்ளே இருந்தது.

கூட வேலை செய்கிற பெண் ஓடி வந்து, "யக்கா, கோமுக்குக் கையில லேசா அடிபட்டுகீது, பயப்படாத" என்றாள். அவள் பாவாடை முழுக்க ரத்தம். லேசாவாம்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரிக்கும்போதுதான் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. மோதிர விரலில் பாதி. கட்டை விரலும் சுண்டு விரலும் இரண்டு பக்கமும் தனித்தனியாக நின்றன. கோமளா கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் என் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அப்போதே கையை இழுத்துத் தாவணிக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அந்த வராந்தாவிலேயே மண்டிபோட்டு ஆத்தாளிடம் நேர்ந்துகொண்டேன். "எம் பொண்ணு கைய முழுசாக் குடுத்துடு தாயே. அஞ்சு வெரலும் வச்சு கை உரு சாத்தறேன்." போன விரல் முளைக்காது என்று எனக்கும் தெரியும். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் எதற்கு ஆகிறது?

நம்மில் இந்த வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கண்ணில் நோவு என்றால் கண், காலில் நோவு என்றால் கால், அந்த உறுப்பை மெல்லிய தகட்டில் வாங்கி ஆத்தாளுக்குச் சாத்துகிறோம். அதுதான் உரு. நான் கோயில் வாசல் கடையிலிருந்து ஒரு கை வாங்கினேன். பளபளவென்று அஞ்சு விரலும் நீட்டிக்கொண்டு இருந்தது. மஞ்சள் கயிற்றில் கோத்து, கோமளா படுக்கிற கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். கை நல்லானதும் எடுத்துப்போய்ச் சாத்துவதாக எண்ணம். காலையில் கண் விழித்தால் முதலில் அதுதான் அவள் கண்ணில் படும். நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேச்சு நின்றுவிட்டது. இடது கையால் சாப்பிட மாட்டாள், அது சோற்றுக் கை இல்லையாம். வலது கையை வெளியே எடுக்க மாட்டாள். நான்தான் ஊட்டினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாங்கிக்கொள்வாள், பாதியில் போதும் என்று தலையை ஆட்டுவாள். விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் மிச்சம் இருப்பதும் விறைத்துப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யார் கேட்டது? எஸ்டேட் பக்கமிருந்து பிரஸ் அடிக்கிற சத்தம் காற்றில் வரும். அது வந்தால் தலையணையைத் தலைமேல் போட்டுக்கொள்வாள். நசரத்பேட்டையில் ஒரு வரன் பேசி வைத்திருந்தோம். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். பஜ்ஜி சூடாகத்தான் இருந்தது. கடங்காரர்கள்.

"கோயிலுக்காவது வாடி" என்று ஒரு நாள் கெஞ்சினேன்.

"தீர்த்தம் குடுத்தா எந்தக் கைல வாங்கறது?" என்றாள்.

இடது கையில் தீர்த்தம் வாங்குகிற வழக்கம் நம்மிடம் இல்லை. வலது கையைக் குழித்தால் நடுவிலே தண்ணீர் நிற்பதற்கு அவளுக்கு விரல் இல்லை.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம். நான் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த உருவை எடுத்து விபூதி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோமளா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடது கையை நீட்டி அதை வாங்கினாள். ஓரத்தைக் கட்டை விரலால் தடவினாள்.

"பிசிறு கீது பாத்தியா?" என்றாள். "இதுவும் பிரஸ்ல அடிச்சதுதாம்மா."

ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அச்சு அடித்தால் அப்படித்தான் வருமாம். பிசிறு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தே எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று சொன்னாள். இப்படி ஒரு கையைச் செய்ய அங்கேயும் ஒருத்தி உட்கார்ந்து பெடலை மிதித்திருப்பாள் என்றாள். மாசக்கணக்காக அதைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு என் பிள்ளையைப் படுக்க வைத்திருக்கிறேன். அட பாவி தனபாக்கியம்! கோமளா கோபப்படவில்லை. உருவைச் சுருட்டிக் கசக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அவள் வீட்டில் இல்லை. அவள் அப்பா எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர். ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி இவள் நிற்பதைப் பார்த்திருக்கிறார். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். "ரயிலு எப்டிப் போவுதுன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். வாசலில் உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். நான் அவரைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்திரண்டு வருஷம், அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் நேரே கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆத்தாளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நீயும் ஒரு பொம்பளதானாடி? கண்ணத் தொறந்து வச்சுகினு இன்னா பாத்துகினு கீற? வெரலும் வாணாம், ஒரு மயிரும் வாணாம். எம் பொண்ணு சாவக் கூடாது. அவ உசுரோட இருக்கணும், இருக்கணும்னு அவளுக்கே தோணணும். அத்த மட்டும் குடு. குடுக்கல, இந்தப் பக்கம் நான் தலை வச்சும் படுக்க மாட்டேன்!" பூ கட்டுகிற அம்மா பயந்துபோய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டது. அதுதான் என் பிரார்த்தனை. அதற்கு மேல் நல்ல வார்த்தை எனக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அவளைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வீட்டு வாசலில்தான் வேலை. பழைய துணி வாங்கிக் கிழித்து, மிஷின் துடைக்கப் பட்டறைகளுக்குக் கொடுப்பேன். நான் கிழிக்கிற இடத்தில் கோணி போட்டு அவளை உட்கார வைத்தேன். எங்கள் வாசலுக்கு வேலி தகட்டு வேலி. அம்பத்தூர்க்காரர்களுக்குத் தெரியும், பிரஸ்ஸில் வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தபிறகு பொத்தலாக ஒரு பட்டை மிஞ்சும். அதை வாங்கிவந்து வரிசையாகக் கட்டி வேலி போடுவோம். வேலிக்கு அடியில் ஒரு சாண் சந்து. அந்தப் பெண் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, பகல் பூராவும் அந்தச் சந்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

சித்திரை வெயில். ஒரு நாள் துணி கிழிக்கிற சத்தத்துக்கு நடுவே வேறு ஒரு சத்தம் கேட்டது. சுண்டெலி கீறுகிற மாதிரி. திரும்பினால், இவள் இடது கையில் ஒரு மொக்கை ஆணி. மடியில் வேலியிலிருந்து கழன்று விழுந்த ஒரு துண்டு அலுமினியத் தகடு. என்னவோ அழுத்தி அழுத்திக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். வேண்டுமென்றே சத்தமாகத் துணி கிழித்தேன்.

தகடு நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் கோடு போட்டால், இன்னொரு கை பிடித்துக்கொள்ள வேண்டும். காலால் மிதித்துப் பார்த்தாள், கல்லை வைத்துப் பார்த்தாள், சரிப்படவில்லை. கடைசியில் தாவணியோடு சேர்த்து அந்தக் கையைத் தகட்டின்மேல் வைத்து அழுத்தினாள். ஆறு மாசத்தில் அந்தக் கை ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான். நான் குனிந்துகொண்டேன். கண்ணிலிருந்து வடிந்ததைக் கிழித்த துணியிலேயே துடைத்தேன்.

அவள் என்ன போடுகிறாள் என்று சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. காலாகப் போட்டிருந்தாள். சந்து வழியாகத் தெரிவது தெருவில் போகிறவர்களின் கால்தானே. வார் அறுந்த செருப்பில் ஒரு கால், பிள்ளைக் கால், வெடித்த குதிகால். தகட்டைத் திருப்பிப்போட்டு, ஈரத்துணியை மடித்து அடியில் வைத்து, பின்பக்கம் மெல்ல மெல்ல அழுத்துவாள். முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். ஓங்கி அடிக்கிற வேலையே இல்லை. ஒரு குதிகாலுக்கு ஒரு பகல் ஆகும்.

ஒரு தகட்டைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிளகாய் மண்டியில் வேலை செய்கிற பத்மா அக்காவின் கால். யானைக்கால். வீங்கி, மடிப்பு மடிப்பாக, விரலில் மெட்டி புதைந்துபோய் அப்படியே இருந்தது. "அய்யய்யோ, இத்த அவ பாத்தா ஊட்டுக்கு வந்து நம்மள நாறடிச்சுடுவாடி, உள்ள வை" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பத்மா அக்கா வேலியைத் தள்ளிக்கொண்டு மோர் கேட்டு வந்துவிட்டாள். தகட்டைப் பார்த்துவிட்டாள்.

கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். நான் சண்டைக்குத் தயாராகிக்கொண்டேன்.

"இத்து என் காலு" என்றாள்.

"பாப்பா சொம்மா வெளையாட்டுக்கு..." என்று இழுத்தேன்.

"நீ சும்மா இரு தனபாக்கியம். எல்லாரும் என் காலப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறானுங்கோ. இது உக்காந்து பாத்துகீது. தோ பாரு, மெட்டி எங்க அமுங்கிகீதுன்றது மொதக்கொண்டு பாத்துகீது." தகட்டை மாரோடு அணைத்துக்கொண்டாள். "வருசா வருசம் கடைல வாங்கி சாத்தறேன். குச்சி மாதிரி காலு. அத்தப் பாத்தா பத்மா காலுன்னு ஆத்தாளுக்கு எப்டி வெளங்கும்? கோமு, இத்த எனக்குக் குட்றியா?"

கோமளா தலையாட்டினாள். அந்த ஆடிக்கு பத்மா அக்கா அதைத்தான் சாத்தினாள். கால் வற்றிவிட்டதா என்று கேட்காதீர்கள். வற்றவில்லை. ஆனால் கோயில் முழுக்க அந்த உருவைக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குப் பிறகு ஆள் வர ஆரம்பித்தது. முதுகு கூனின பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கண்ணில் பூ விழுந்த ஒரு பெரியவர் வந்தார். கோமளா அதிகம் பேச மாட்டாள். "காட்டுங்க" என்பாள். வேலியோரம் எதிரே உட்கார வைத்து, நோவு உள்ள இடத்தைக் கண் எடுக்காமல் பார்ப்பாள். அப்படி யாரும் பார்த்ததில்லை போல, சில பேர் அங்கேயே அழுதார்கள். இவள் கையும் மாறியது. முதலில் தகட்டை அமுக்கிப் பிடிக்க மட்டும் இருந்த வலது கை, பிறகு கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே காலிப் பேனா ரீஃபிலைக் கவ்விப் பிடிக்கப் பழகியது. நுணுக்கமான கோடெல்லாம் அந்தக் கைதான் போட்டது. விறைத்துப்போகும் என்று டாக்டர் சொன்ன விரல் மடங்கியது. ஆனால் தாவணியை அவள் விடவில்லை. தாவணி முனையைப் பை மாதிரி போர்த்திக்கொண்டு, அதற்குள்ளேயே வேலை செய்வாள். வெளியே நுனி மட்டும் தெரியும். கோயிலுக்கும் வரவில்லை. ஆத்தாளிடம் கடன் பாக்கி இருக்கிற மாதிரியே நான் நடமாடினேன்.

எண்பத்தெட்டு, தை மாதம் ராணி வந்தாள். பக்கத்துத் தெரு. முப்பது வயதுகூட இருக்காது, ஆவடி டேங்க் ஃபாக்டரிக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டித் தருகிறவள், எப்போதும் சிரித்த முகம். கோமளாவிடம் தனியாகப் பேசணும் என்றாள். கோமளா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை, பெண்ணைத் தனியாக விடுவதில்லை.

"காட்டுங்கக்கா" என்றாள் கோமளா.

ராணி முந்தானையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். பிறகு, "எம் புருசனுக்கே நான் காட்டினதில்ல" என்றாள். "நீ மட்டும் கைய மூடிகினு கீற. நான் மட்டும் தொறந்து காட்டணுமா? நீ காட்டு, நானும் காட்டறேன்."

எனக்கு உள்ளே போய் ராணியை நாலு வார்த்தை கேட்கலாமா என்று வந்துவிட்டது. காலைப் பூமியில் ஊன்றி நின்றேன். உள்ளே துணி சரசரத்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் மகள் தாவணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, கையை ராணியின் மடியில் வைத்தாள். ராணி அதை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதி விரலின் நுனியைத் தொட்டு, "நோவுதா?" என்றாள். "குளிர் அடிச்சா நோவுது" என்றாள் கோமளா. பிறகு ராணி ரவிக்கையின் ஊக்கைக் கழற்றினாள். மாரில் கட்டி. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசாக இருந்தது, தோல் சுருங்கிக் கறுத்துப்போய். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கோமளா முதலில் சொன்னது, "டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்பதுதான். கையோடு அழைத்துக்கொண்டும் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில், இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். ராணி என்ன சொல்வாள்? வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன் என்றாள்.

நாலைந்து மாசம், ராணி முடிந்தபோதெல்லாம் வந்து உட்கார்ந்தாள். ஒரு உருவுக்கு அத்தனை நாள் தேவையில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். கோமளா சிரிக்கிற சத்தத்தை நான் அங்கேதான் மறுபடி கேட்டேன். ராணி இருக்கும்போது மட்டும் கை தாவணிக்கு வெளியே இருக்கும். வேறு யாராவது வந்தால் உள்ளே போய்விடும். ராணி மெலிந்துகொண்டே வந்தாள். ஆடி முதல் வெள்ளிக்கு உருவைச் சாத்துவதாக நேர்ந்திருந்தாள்.

ஆனி மாதம் ராணி செத்துப்போனாள்.

கோமளா ஆணியையும் ரீஃபிலையும் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்தாள். "நான் போட்டு இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு சொல்லு!" என்று கத்தினாள். அந்த அழுகையை நான் என்னவென்று சொல்வது? தன் விரல் போனதற்கு அவள் இப்படி அழவில்லை. அதுவும் சேர்ந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். எனக்கு ரயில்வே கேட்டு ஞாபகம்தான். அவள் அப்பா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. வாசலிலேயே படுத்திருந்தார்.

நாலாம் நாள் கோமளா எழுந்து முகம் கழுவினாள். ராணியின் உரு எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதை எடுத்துத் துடைத்தாள்.

"ஆடி மொத வெள்ளிக்கு இத்த சாத்தணும்" என்றாள்.

"செத்தவளுக்கு இன்னாத்துக்குடி உரு?"

"நேந்துகினது நேந்துகினதுதானே? அவங்க ஊட்ல தீட்டு. இந்த வருசம் யாரும் கோயிலு படி மிதிக்க முடியாது. நான்தான் போவணும்."

அவள் வாயிலிருந்து கோயிலுக்குப் போகணும் என்கிற வார்த்தை. அதோடு விட்டாளா? வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஆணியைத் தேடி எடுத்துவந்து, புதுத் தகட்டில் இன்னொரு உரு ஆரம்பித்தாள். வலது கையை எதிரே வைத்து, பார்த்துப் பார்த்து இடது கையால் போட்டாள். கட்டை விரல், சுண்டு விரல், பாதி மோதிர விரல். நடுவே தையல் தழும்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடியே, நான் நேந்துகினது அஞ்சு வெரலு! இப்டி மொட்டையா சாத்தினா, சரி இப்டியே இருக்கட்டும்னு ஆத்தா விட்டுடுவா. அவகிட்ட கேக்கறப்ப முழுசாக் கேக்கணும்."

"அந்த முழுக் கைய நீ கடைல வாங்கின. அது யாரோட கையோ. இதான் என் கை" என்றாள். வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நான் முணுமுணுத்தேன், சட்டி பானையை உருட்டினேன். ஆனாலும் சாவதைப் பற்றி நினைக்கிற பெண் இப்படி எதிர்த்துப் பேசுமா என்று ஒரு பக்கம் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆடி முதல் வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள், நெருக்கியடித்த கூட்டம். கோமளா கையைத் தாவணியில் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். இடது கையில் தட்டு, அதில் வேப்பிலை, இரண்டு உரு. பூசாரி ராணியின் உருவை எடுத்து, பார்த்து, கண்ணை மூடிக் கும்பிட்டுச் சாத்தினார். இரண்டாவதை எடுத்தார், நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, வெரலு கொறையுதே. பின்னமானத சாத்தக் கூடாதும்மா. வேற கொண்டாந்து குடு" என்றார். அவர்மேல் தப்பில்லை, உடைந்த உருவைச் சாத்துவது வழக்கமில்லைதான்.

பின்னாலிருந்து ஒருத்தி, "சீக்கிரம் ஆவட்டும்" என்றாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இங்கேயிருந்து ஓடிப்போய்விடுவாள், நேரே தண்டவாளத்துக்கு என்று நினைத்தேன். "ஆத்தா, ஆத்தா" என்பதற்கு மேல் எனக்கு வேண்டுதல் வரவில்லை.

கோமளா தட்டை என்னிடம் கொடுத்தாள். தாவணியைப் பிரித்தாள். அத்தனை பேருக்கு முன்னால் கையை எடுத்து, பூசாரி கையிலிருந்த உருவுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"ஒடையல நைனா. சரியாத்தான் கீது, பாருங்க."

பூசாரி உருவைப் பார்த்தார், கையைப் பார்த்தார். தழும்புகூட ஒத்திருந்தது. அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "மன்னிச்சுக்கோ தாயி" என்றார். ஆத்தாளிடம் சொன்னாரா, என் மகளிடம் சொன்னாரா, எனக்குத் தெரியாது. உள்ளே போய், ஆத்தாளின் வலது பக்கம், ராணியின் உருவுக்குப் பக்கத்திலேயே அதைச் சாத்தினார். கூட்டத்தில் பத்மா அக்கா குலவை போட்டாள். அவளோடு சேர்ந்து இன்னும் பத்துப் பேர் போட்டார்கள்.

பிறகு தீர்த்தச் சொம்போடு வந்தார். வரிசையில் எல்லாரும் வலது கையை நீட்டினார்கள். கோமளாவும் நீட்டினாள். பாதி விரலையும் சுண்டு விரலையும் மடக்கி, கட்டை விரலை இழுத்து அணைத்து, எவ்வளவு குழிக்க முடியுமோ அவ்வளவு குழித்தாள். ஒரு வருஷமாக ரீஃபிலைப் பிடித்துப் பிடித்து வந்த மடக்கு அது. பூசாரி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். பாதிக்கு மேல் நடுவிலே ஒழுகி அவள் காலில் விழுந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் நின்றது. அதை வாயில் வைத்துக் குடித்தாள். ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பசிக்குதும்மா, கூழு எங்க ஊத்தறாங்கோ?" என்றாள்.

என் பிள்ளைக்குப் பசித்தது. அவளே கேட்டாள். நான் அந்தத் தரையிலேயே விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்க மனசே வரவில்லை, யாரோ மிதித்துக்கூடப் போனார்கள்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. விரல் வரவில்லை. குளிர் நாளில் இன்றைக்கும் நோவு உண்டு, ராணியின் பேச்சு வந்தால் இன்றைக்கும் அழுவாள். எல்லாம் நல்லதாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், ஆத்தா கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் என் மகள் இருக்கிறாள். தன் கையால் சோறு சாப்பிடுகிறாள். வேலியோரம் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் "காட்டுங்க" என்கிறாள். மாரில் கட்டி என்று வருகிற பெண்ணை முதலில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறாள், பிறகுதான் தகட்டை எடுக்கிறாள். அப்படிப் பிழைத்த இரண்டு பேர் இந்த மன்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையை மடியில் போட்டு அழுத அம்மா, உனக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். ஆத்தாளிடம் கேள். நல்ல வார்த்தை வரவில்லை என்றால் திட்டிக் கேள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் திட்டாத திட்டா! கேட்டபடியே கொடுக்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்ளாதே. பிள்ளையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வா. தகட்டு வேலி போட்ட வீடு, கேட்டால் சொல்வார்கள். கோமளா இருப்பாள்.